முதுகு இல்லாத உருவம்

ஓவியக் கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரம் எங்களுக்கு முதல் முப்பரிமாண வேலை கொடுத்தார்கள். 15 செ.மீ. பக்கமுள்ள தெர்மாகோல் கனசதுரம் ஒன்று. அதை எட்டுத் துண்டுக்கு மிகாமல் அறுக்க வேண்டும். ஒரு துண்டையும் தூக்கிப் போடக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து வேறொரு வடிவம் ஆக்க வேண்டும். இரண்டு இரவு கண்விழித்தேன். வெள்ளை மணிகள் தலைமுடியிலும் சோற்றுத் தட்டிலும் ஒட்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் காலை, கோபுரம் போல ஏதோ ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

ஆசிரியர் அதைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். "தம்பி, இங்க வந்து நில்லு" என்றார். போய் நின்றேன். அங்கிருந்து தெரிந்ததெல்லாம் ஃபெவிகால் வழிந்து காய்ந்த தடமும், முன்பக்கம் அழகாகத் தெரிவதற்காகப் பின்னால் கொடுத்திருந்த முட்டுகளும்தான்.

"இதுக்கு முதுகே இல்லையேப்பா" என்றார்.

சிறு வயதிலிருந்து நன்றாக வரைகிறவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். காலண்டர் முருகனைப் பார்த்து வரைந்து பழகிய கை. அந்தக் கைக்கு ஒரு நோய் இருப்பது அன்றுதான் தெரிந்தது. படம் வரைகிறவன் பார்க்கிறவனை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுகிறான். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் எழுந்துபோய்ப் பார்க்க முடியாது. அந்த வசதியிலேயே வளர்ந்தவன், கனமான பொருளைக் கையில் கொடுத்தாலும் அதற்கு ஒரு முகத்தை மட்டும் செய்து மேசை மேல் சாய்த்து வைப்பான். நம் சிற்ப நூல்கள் முழு உருவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்புச் சிற்பத்தை அர்த்தசித்திரம் என்றும், சுவரிலோ துணியிலோ தீட்டுவதைச் சித்திராபாசம் என்றும் வரிசைப்படுத்துகின்றன. ஆபாசம் என்றால் தோற்றம், சாயல். எல்லாப் பக்கமும் உள்ளதே சித்திரம், மற்றது அதன் சாயல். இந்த வரிசையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அந்த ஃபெவிகால் தடம்தான் கண்ணுக்குள் வந்தது.

முதலாண்டில் இப்படி வெட்டவும் மடிக்கவும் ஒட்டவும் வைக்கும் பயிற்சிக்குக் கல்லூரிகளில் ஃபவுண்டேஷன் என்று பெயர். ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, வடிவமைப்பு என்று எதைப் படிக்கப் போனாலும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கடந்தாக வேண்டும். காகிதம், கம்பி, அட்டை, பிளாஸ்டர், இவைதான் பொருள். செய்வதற்குப் பயன்பாடு எதுவும் கிடையாது, "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. எனக்கு இது கண்ணைத் திறந்தது. அதே பயிற்சி வேறொரு விதத்தில் என் கண்ணைக் கட்டியும் விட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பயிற்சியின் ஊற்று பௌஹௌஸ். 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய பள்ளி அது. அங்கே புதிதாக வருகிற மாணவர்களுக்கான அரையாண்டு அறிமுக வகுப்பை யோஹன்னஸ் இட்டன் வடிவமைத்தார். அவர் 1923-ல் விலகிய பின் லாஸ்லோ மொஹோலி-நாகியும் யோசெஃப் ஆல்பர்ஸும் அதை எடுத்து நடத்தினார்கள். இட்டனும் ஆல்பர்ஸும் முன்பு சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன பள்ளி ஆசிரியர்கள். இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 1837-ல் பாட் பிளாங்கென்பர்க்கில் குழந்தைகளுக்கான நிலையம் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட ஃபிரெடரிக் ஃபுரோபெல், குழந்தைகள் கையில் கொடுத்த மூன்றாவது விளையாட்டுப் பொருள் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். நான் விடுதி அறையில் எட்டாக அறுத்த தெர்மாகோலுக்கு அதுதான் பாட்டன். பதினெட்டு வயதில் பாலர் வகுப்புப் பாடம் படித்திருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆல்பர்ஸின் வகுப்பைப் பற்றி அவர் மாணவர் ஹானெஸ் பெக்மான் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி வடிவமைப்பு ஆசிரியர்களிடையே வாய்மொழியாகவே சுற்றிவருகிறது. முதல் நாள் ஆல்பர்ஸ் ஒரு கட்டு நாளிதழோடு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாராம். இதிலிருந்து, இது இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றைச் செய்யுங்கள். காகிதத்தை மதித்து, அதன் இயல்பு தெரிந்து செய்யுங்கள். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் கப்பல், கோட்டை, விமானம், விலங்கு. இவற்றையெல்லாம் வேறு பொருளில் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கினார். ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். ஆல்பர்ஸ் பாராட்டியது அதைத்தான். துவண்டு கிடந்த தாள், தன் மிக மெல்லிய பாகமான விளிம்பின் மேலேயே எழுந்து நிற்கிறது. காகிதத்தால் மட்டும் ஆகிற வேலை அது.

எங்கள் வகுப்பிலும் இதே பயிற்சி நடந்தது. நானும் முதலில் கப்பல்தான் செய்தேன். பிறகு கதையைக் கேட்டபோது எனக்கு ஜெர்மனி நினைவுக்கு வரவில்லை, பதநீர் பட்டை நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் பனையடியில் பதநீர் குடிக்க டம்ளர் தேட மாட்டார்கள். பனையோலையை அதன் மடிப்புகளோடு விரித்து, நுனிகளைக் கூட்டிக் கட்டினால் தோணி போல ஒரு ஏனம். கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, ஒரு சொட்டு ஒழுகாது. தட்டையான ஓலை மடிப்பினால் விறைப்பு பெறுகிறது. விறைப்பினால் குழிவைத் தாங்குகிறது. நெளித்தகடு கூரையாக நிற்பதும் இதே காரணத்தால்தான். மெல்லிய தகட்டுக்குக் கனம் கூட்டாமல் உயரம் மட்டும் கூட்டினால் அது வளைய மறுக்கிறது. சிறு வயதிலிருந்து கையில் ஏந்திக் குடித்த ஒன்றை, எசகுபிசகாக மடிந்த ஒரு நாளிதழ் வழியாகத்தான் நான் முதல் முறை பார்த்தேன். பழகிய பொருளைப் பெயர் உரித்துவிட்டுப் பார்க்க வைக்கிற வலு இந்தப் பயிற்சிக்கு உண்டு.

இன்னொரு நன்மையும் உண்டு, பெரும்பாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. வகுப்பில் நான் நன்றாக வரைபவன். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பெண்ணுக்குக் கோடு நேராக வராது. ஓவியத் தேர்வில் தட்டுத்தடுமாறி வந்தவள். கம்பிப் பயிற்சியில் அவள் எங்கோ போய்விட்டாள். ஒரே கம்பியை வெட்டாமல் வளைத்து ஓர் இடத்தை அடைத்துக் காட்ட வேண்டும். நான் கம்பியால் காற்றில் படம் வரைந்துகொண்டிருந்தேன், அதுவும் முன்பக்கத்திலிருந்து. அவள் கம்பி எங்கே எகிறுகிறது, எங்கே சொன்னபடி கேட்கிறது என்று பார்த்து அதன் போக்கில் போனாள். பள்ளிக்கூட ஓவியப் போட்டிகளில் சேர்த்துவைத்த முன்பணம் எல்லாம் செல்லாக்காசாகி, எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கும் வகுப்பு அது. அப்படிப்பட்ட வகுப்புகள் கலைக்கல்வியில் அதிகம் இல்லை.

பேசுவதற்குச் சொற்களும் கிடைத்தன. நியூயார்க்கின் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் 1938 முதல் பல பத்தாண்டுகள் பாடம் நடத்திய ரொவீனா ரீட் கோஸ்டெலோ, மூன்று செவ்வகக் கட்டிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு பயிற்சியை உருவாக்கினார். ஒன்று ஓங்கி நிற்க வேண்டும். இரண்டாவது அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். மூன்றாவது சிறிதாக இருந்தும் இல்லாவிட்டால் குறை தெரிய வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த உறவு குலையக் கூடாது. சொல்ல எளிது, செய்தால் ஒரு வாரம் ஓடிவிடும். ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் இடிக்கும். "நல்லாயிருக்கு", "நல்லாயில்லை" என்ற இரண்டு சொற்களோடு கல்லூரிக்கு வந்தவனுக்கு, ஏன் நன்றாக இல்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது பெரிய விடுதலை.

இவ்வளவு நல்ல பயிற்சியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த வருடப் பொங்கல் விடுமுறையில். ஜூரியில், அதாவது ஆசிரியர் குழுவின் மதிப்பீட்டில், நல்ல மதிப்பெண் வாங்கிய அட்டை மாடல் ஒன்றை ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். ஒன்றையொன்று ஊடுருவும் தளங்கள், நடுவில் ஓர் இடைவெளி. எங்கள் தெருவில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார், ஆசாரி தாத்தா என்போம். அவர் அதை வாங்கி, திருப்பி, தலைகீழாக்கி, ஒட்டிய மூட்டுகளை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது எம்புட்டுப் பெருசுடே?"

"இம்புட்டுதான் தாத்தா."

"அது செரி. நெசமாச் செய்யும்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் விடவில்லை. "ஆளு இதுல எங்க நிப்பான்?"

மூன்று பேர் கொண்ட ஜூரி அந்த மாடலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியது. சமநிலை, லயம், நெகட்டிவ் ஸ்பேஸ் என்று என்னவெல்லாமோ சொன்னார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் பயிற்சியின் அமைப்பே அப்படி. உள்ளங்கையில் அடங்கும் ஒன்றைச் செய்கிறோம், மேசையில் வைக்கிறோம், வெளியில் நின்று சுற்றிப் பார்க்கிறோம். இதற்கு "இடத்தை வடிவமைத்தல்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் பழகியது பொருளை வடிவமைக்க. இடம் என்பது நாம் உள்ளே இருப்பது. பொருள் நமக்கு வெளியே இருப்பது. என் முதல் கோபுரத்துக்கு முதுகு இல்லை என்று ஆசிரியர் கண்டுபிடித்தார். பிறகு நான் செய்ததற்கெல்லாம் முதுகு இருந்தது, வயிறுதான் இல்லை.

ஸ்பேஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அதற்குத் தமிழ்ச் சொல் யாரும் தேடவில்லை. தேடியிருந்தால் இரண்டு கிடைத்திருக்கும்: இடம், வெளி. பேருந்தில் துண்டு போட்டுப் பிடிப்பது இடம். ஊருக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை கிடப்பது வெளி. ஒன்றில் ஆள் இருக்கிறான், மற்றது ஆளை விடப் பெரிது. மேசை மேல் இருந்த எங்கள் அட்டைக்கூட்டம் இரண்டில் எதுவுமாக இல்லை.

இந்தக் குறை தொடக்கத்திலேயே இருந்ததா, வழியில் சேர்ந்ததா? இரண்டும்தான் என்பேன், ஆனால் பெரும்பங்கு வழியில் சேர்ந்தது. பௌஹௌஸில் அந்த அரையாண்டு முடிந்ததும் மாணவர் பட்டறைக்குப் போனார். மரம், உலோகம், மண்பாண்டம், நெசவு என்று ஏதாவது ஒன்றில் மூன்று ஆண்டுகள். வைமார் காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் வடிவம் சொல்லித்தர ஒரு கலைஞர், தொழில் சொல்லித்தர ஒரு கைவினைஞர் என இரண்டு ஆசிரியர்கள். காகிதம் மடித்த கை அடுத்து நாற்காலிக் காலைச் செதுக்கியது. உட்கார்ந்தால் ஒடிகிறதா என்று பார்த்தது. அறிமுக வகுப்பு ஒரு வாசல், பட்டறைதான் வீடு. உலகமெங்கும் பிரதி எடுத்துப் போனவர்களுக்கு வாசலை எடுத்துச் செல்வது எளிதாக இருந்தது. அதற்கு ஒரு மேசையும் கொஞ்சம் அட்டையும் போதும். பட்டறைக்கு இயந்திரம் வேண்டும், மரம் வேண்டும், சம்பளத்துக்குக் கைவினைஞர் வேண்டும். நான் பார்த்த கல்லூரிகள் பலவற்றில் பட்டறை பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்பது தனி ஆராய்ச்சி.

மாஸ்கோவில் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வேறொரு வழி இருந்தது. 1920-ல் தொடங்கிய வ்ஹுதேமாஸ் என்ற அரசுக் கலைத் தொழில்நுட்பப் பள்ளியில் நிகோலாய் லதோவ்ஸ்கி "வெளி" என்ற பெயரிலேயே ஒரு பாடத்தை அமைத்தார். முதலில் அருவமான பயிற்சி: ஒரு கட்டியின் கனத்தைப் பார்த்த மாத்திரத்தில் உணரச் செய், ஓர் உயரத்தின் வேகத்தைக் காட்டு. அதன் கையோடு, அதே பண்பை ஒரு நிஜக் கட்டடத்தில் காட்டச் சொல்லும் பயிற்சி. கடலைப் பார்த்த செங்குத்துப் பாறையில் தொங்கும் உணவகம் ஒன்றின் மாணவர் வரைபடம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. கட்டியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அதில் மனிதர் எங்கே ஏறுவார், எங்கே நிற்பார் என்ற கேள்வி இருக்கிறது. ஆசாரி தாத்தாவுக்குப் பதில் சொல்லும் வகுப்பு. 1930-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. பௌஹௌஸ் 1933-ல் மூடப்பட்ட பின் அதன் ஆசிரியர்கள் சிலர் அமெரிக்கா போய்ப் பாடத்தைப் பரப்பினார்கள். மாஸ்கோ ஆசிரியர்களுக்கு அந்தக் கதவு இல்லை. எந்தப் பாடம் உலகத்துக்கு வந்து சேர்கிறது என்பதை அதன் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை.

ஆல்பர்ஸ் போன இடம் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரி. அங்கே 1948 கோடையில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஜன்னல் மறைப்புகளுக்கான உலோகப் பட்டைகளால் 48 அடி அகலக் கூண்டுக் கூரை ஒன்றை எழுப்ப முயன்றார். புல்வெளியில் அது எழும்பவே இல்லை. படுத்துக் கிடந்த அதற்கு அங்கிருந்த ஓவியர் எலைன் டி கூனிங் "மல்லாந்த கூரை" என்று பொருள்படப் பெயர் வைத்தார். மறு கோடையில் ஃபுல்லர் வேறு பொருளில் சிறிய கூரை ஒன்றைக் கொண்டுவந்தார், அது நின்றது. ஆட்கள் அதில் தொங்கிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அளவு பெருகும்போது பொருளின் குணமே மாறிவிடுகிறது. நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு, தாங்கும் குறுக்குவெட்டு நூறு மடங்குதான். மேசை மாடல் இதை ஒருபோதும் சொல்லாது. எழும்ப மறுத்த கூரை ஒரே மதியத்தில் சொல்லிவிடும். தெர்மாகோல் இந்த விஷயத்தில் சரியான பொய்யன். கனம் இல்லாததால் எதை எதன் மேல் வைத்தாலும் நிற்கும்.

தெர்மாகோல் என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பயிற்சி பிறந்தது வறுமையில். முப்பத்திரண்டு வயதில் பௌஹௌஸில் மாணவராகச் சேர்ந்த ஆல்பர்ஸிடம் வண்ணம் வாங்கக் காசில்லை. வைமார் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில் கண்ணாடிகளைப் பொறுக்கிவந்து படம் செய்தார். பிறகு அவர் நடத்திய வகுப்பில் நாளிதழ் வந்ததும், பொருள் வீணாகக் கூடாது என்ற கண்டிப்பு வந்ததும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சி. எங்களிடம் வந்து சேர்ந்தபோது இதே பயிற்சிக்கு இறக்குமதி மவுண்ட்போர்டு, சன்போர்டு, கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு சப்மிஷனுக்கும் முந்தைய மாலை ஸ்டேஷனரிக் கடையில் கூட்டம். நல்ல அட்டையில் செய்தவனின் மாடல் வெள்ளை வெளேரென்று இருக்கும். பழைய அட்டைப்பெட்டியை அறுத்துச் செய்தவனின் மாடல் அழுக்காகத் தெரியும். மதிப்பெண்ணில் அந்த வித்தியாசம் தெரியாமல் போகாது. சப்மிஷன் முடிந்த மறுநாள் எல்லா மாடலும் குப்பைக்கு.

எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் வகுப்பு என்று மேலே சொன்னேன். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆண், பெண் பேதம் இல்லை என்று அறிவித்துத்தான் குரோப்பியஸ் பள்ளியைத் தொடங்கினார். அறிமுக வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரே காகிதத்தை மடித்தார்கள். வகுப்பு முடிந்து பட்டறைக்குப் பிரியும்போது பெண்களில் பெரும்பாலோர் நெசவுக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணாடிப் பட்டறைக்கு ஆசைப்பட்ட ஆனி ஆல்பர்ஸ் தறிக்குப் போய், அந்த நூற்றாண்டின் பெரிய நெசவுக் கலைஞரானார். மொஹோலி-நாகியின் ஆதரவோடு உலோகப் பட்டறைக்குள் நுழைந்த மரியான் பிராண்ட் 1924-ல் செய்த தேநீர்க் கெண்டி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. தரமான இரண்டு கதைகள், ஆனால் இரண்டிலும் கதவைத் திறந்தது காகிதப் பயிற்சி இல்லை. என் வகுப்பில் கம்பியோடு பேசிய அந்தப் பெண்ணையும், சிற்பத் துறைக்கு எடை தூக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் துணி வடிவமைப்புக்கு அனுப்பினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

இதையெல்லாம் சொன்னால், பேசாமல் நம் சிற்பிகள் பழக்குவது போலப் பழக்கிவிடலாமே என்று ஒரு குரல் வரும். மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. அங்கே போய்ப் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே வரிசை தலைகீழ். முதலில் தாளமானம் என்னும் உருவ அளவுமுறை, கோடு, பிறகு உளி பிடிக்கவும் தீட்டவும், பிறகு பூவும் கொடியும். வடிவத்தைப் பற்றிச் சொந்தக் கருத்துச் சொல்லும் உரிமை பல ஆண்டுகளுக்குப் பின்னால்தான், வந்தால் வரும். ஆனால் கல் எப்போதும் கல்லாகவே கையில் இருக்கிறது. ஐந்து ரதங்களைப் போய்ப் பாருங்கள். ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்ததால் சிகரம் முடிந்திருக்கும், அடிப்பாகம் முடியாமல் நிற்கும். அடுத்த வெட்டு எங்கே விழும் என்பது பாறைக்குள்ளேயே தெரிகிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாத அந்த வேலைக்கும், எட்டுத் துண்டை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த என் வேலைக்கும் நடுவே பெரிய தூரம். அதற்காக அளவுநூலை மனப்பாடம் செய்வதுதான் கல்வி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே தவறு செய்ய இடமில்லை. எங்களிடம் தவறுக்கு விலையே இல்லை. இரண்டுமே கற்பவனுக்குப் போதாது.

இந்தியாவில் இந்தப் பாடம் நிலைகொண்டது 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்த பிறகு. அதற்கு அடித்தளம் வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அதில் அவர்கள் நம் சொம்பைப் பற்றி ஒரு நீண்ட பகுதி எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குவது ஆணா பெண்ணா, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், காலியானால் எங்கே போகும், ஊற்றும்போது எப்படி, தட்டினால் என்ன ஓசை, வாங்க எவ்வளவு, பழசாகி விற்றால் எவ்வளவு என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. மேசைப் பயிற்சி கேட்க மறந்த கேள்விகளெல்லாம், அந்தப் பயிற்சிக்கு நம் நாட்டில் வாசல் திறந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. மாணவர்கள் சொம்பைப் பற்றிய பத்தியை மேற்கோள் காட்டுகிறார்கள். சொம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லும் வகுப்பு அரிது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பயிற்சியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். கப்பல் செய்துகொண்டிருந்த கையை நிறுத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதன் காலத்தைக் குறைத்து, முதல் மாதத்திலேயே ஆள் நுழையும் அளவில் ஏதாவது கட்ட வைக்க வேண்டும். குனிந்து நுழையும் வாசலில் தலை இடிபடுவது, வெயில் எந்த நேரம் எங்கே விழும் என்று தெரியாமல் கட்டிவிட்டு உள்ளே வேகுவது, இதெல்லாம் பாடத்தில் வர வேண்டும். பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் ஒரே மதிப்பு என்று எழுதியே வைக்க வேண்டும். ஜூரியில் ஒரு தச்சரோ கொத்தனாரோ உட்கார்ந்தால் லயத்தைப் பற்றிய பேச்சு பாதியாகக் குறையும்.

எங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு முறை கிடைத்தது. சவுக்குக் கம்பும் தேங்காய்க் கயிறும் கொடுத்து, ஆறு பேர் சேர்ந்து மைதானத்தில் ஏதாவது கட்டுங்கள் என்றார்கள். மேசையில் செய்த மாடலை அப்படியே பத்து மடங்கு பெருக்கினோம். முதல் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டாம் நாள் முடிச்சுகள் இளகின. மூன்றாம் நாள் ஒருவழியாக நின்றது, ஆனால் உள்ளே நிமிர முடியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் கம்பில் இடித்தது. உயரம் யாரும் அளக்கவில்லை. நாங்கள் வெளியே நின்று எந்தக் கோணத்தில் நன்றாக இருக்கிறது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். கேன்டீன் பக்கம் திரியும் செவலை நாய் ஒன்று வந்தது. வாசலில் நின்று மோந்து பார்த்தது, உள்ளே போய் இரண்டு முறை வட்டமடித்தது, நிழல் விழுந்த மூலையில் சுருண்டு படுத்துவிட்டது.

சப்மிஷனுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்ததால் அதை எழுப்பி விரட்டினோம்.